மனித நொதி, ஒரு குப்பி

உறைபெட்டியைத் திறப்பதற்கு முன் ஸ்டோர்க்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். கதவை இடுப்பால் சாத்தி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் மூச்சு வெளியே வரும். தன் மூச்சுக்காற்று உள்ளே போய்ப் பனியாகப் படிந்துவிடக் கூடாதாம். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லித்தந்ததில்லை.

பதினாறு வருடம் அதே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவியவர். குளிர்பொருள் ஸ்டோருக்கு மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடியும்வரை எதுவும் கெடாமல் பார்த்துக்கொண்டால் வேலை நிரந்தரம். கெட்டால் வீடு.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரே ஒரு குப்பி, சுண்டுவிரல் நுனியளவு. மனித மரபணுவை நுண்ணுயிருக்குள் புகுத்தித் தயாரித்த நொதி. ‘ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று மேலே சீட்டு. அன்று வீட்டில் இதைச் சொன்னபோது, மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“மனுஷனோடதுதான், ஆனா மனுஷனுக்கு ஒத்துக்காது. அப்படியே உங்கண்ணன்.”

திங்கள் காலை குப்பியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த குப்பிகளெல்லாம் கல்லாக உறைந்திருக்க, இது மட்டும் உள்ளே ஓடியது. கதவோரம் வைத்ததுதான் தப்பு. வைத்தது அவர்தான். ஒரு தாளை எடுத்து, ‘என் கவனக்குறைவால் நொதி உருகிவிட்டது’ என்று எழுதித் தேதி போட்டார். நொதியைக் கேட்டிருந்த ஆய்வாளரிடம் கொண்டுபோனார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண்.

“என்னண்ணா, லீவ் லெட்டரா?”

“இல்லம்மா. ஒரேயடியா போற லெட்டர்.”

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “ஐயோ அண்ணா, இதுல பாதி கிளிசரால். நம்ம பெட்டி குளிருக்கு இது உறையாது. ஓடினாத்தான் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“உறையாததை எதுக்கும்மா உறைபெட்டில வைக்கணும்?”

“குளிர்ல இருக்கணும், கட்டியாகக் கூடாது. உறைஞ்சு உறைஞ்சு உருகினா வேலைக்கு ஆகாமப் போயிடும்.”

“ரொம்பத்தான் பிகு பண்ணுது” என்றார் ஸ்டோர்க்காரர்.

அவள் தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அலமாரிச் சாவியும் கைக்கு வந்தது. உள்ளே பழைய கோப்புகள். அவற்றைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அவருக்கு முன் ஸ்டோரில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பியது இதே நொதிக்காகத்தான். மூன்று குப்பி, ‘உருகிய நிலையில்’.