ஜெபமாலை டப்பாவில் கல்கண்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நான் மறக்காமல் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிற பொருள் ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டமான பிளாஸ்டிக் டப்பா. வேளாங்கண்ணியில் ஜெபமாலை வாங்கினால் போட்டுக் கொடுப்பார்களே, அதுதான். மூடியில் இருந்த மாதா படம் தேய்ந்துபோய், நீல முக்காடு மட்டும் கொஞ்சம் தெரிகிறது. குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும். ஜெபமாலை அப்படிச் சத்தம் போடாது. உள்ளே இருப்பது சின்னக் கல்கண்டு. மாலை என் கையில் இருக்கும், கல்கண்டு டப்பாவில் இருக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எனக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலினே ஊறாமல் போய், அன்றிலிருந்து ஆண்டவர் அழைக்கிற நாள் வரைக்கும் ஊசியோடு வாழ்கிற சர்க்கரை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இறங்குகிற இடம் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யார்கிட்டயும் வாயத் தொறக்காத. நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்கணும்." அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். "அவ்ளோ இனிப்பா தின்ன?" என்று கேட்கிற உலகத்தில் ஒரு அம்மா வேறு என்ன சொல்லுவார்? ஆனால் அன்றிலிருந்து நான் ஒளிகிறவளாக ஆகிவிட்டேன். கல்யாண வீடுகளில் கக்கூஸ் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஊசி போடுவேன். பந்தியில் உட்கார்ந்தால் எல்லாருடைய கண்ணும் என் இலைமேலேயே இருப்பதுபோல் தோன்றும். ஏற்கெனவே நான் கூச்சக்காரி. மறைக்க ஒன்று இருந்ததும் கூச்சம் பயமாக முற்றியது. நாலு பேர் கூடுகிற இடம் என்றாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முதுகில் வேர்வை வழியும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்புதான், இதே நடுக்கம், இதே வேர்வை. எது எது என்று எனக்கே தெரியாது. வெறும் பயத்தை சர்க்கரை என்று நினைத்து இனிப்பை வாயில் போட்டு, அன்று முழுக்க உடம்பு கனத்துக் கிடந்தது எத்தனையோ தடவை. நிஜமாகவே இறங்கும்போது பயம்தான் என்று சும்மா இருந்ததும் உண்டு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். அவர், "ஊசி போடத் தெரியும்ல, அப்புறமென்ன?" என்று கேட்டதோடு சரி. புகுந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியில்தான் தெரியாது. உழவர்கரைப் பக்கம் ஒரே வீட்டில் நாங்கள் கீழேயும் மூத்தார் குடும்பம் மாடியிலும் இருந்தோம். அக்கா டவுனில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர் ஜனத்தோடு பேசுகிற வேலை. வெள்ளைக்காரர் வந்தாலும் தமிழிலேயே பேசி, கை ஜாடையிலேயே ரொட்டி விற்று, சிரிக்க வைத்து அனுப்புவார். "எனக்கு சம்பளம் குடுக்கலன்னா கூட பரவால்லடி, பேச ஆள் குடுத்தா போதும்" என்பார். நான் ஒரு தெருவைக் கடப்பதற்குள் அவர் பத்துப் பேரிடம் நலம் விசாரித்து முடித்திருப்பார். என்னைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். "உன் வாயில ஆண்டவரு நாக்க வச்சாரா, மறந்துட்டாரா?" என்று கேட்பார்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பகுதியின் அன்பியத்தார், அதாவது அந்தந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவினர், பூசையில் பைபிள் வாசகம் படிப்பது வழக்கம். எங்கள் முறை வந்தபோது அக்கா என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். "'ஒன்பதாவது வரைக்கும் படிச்சவ, நல்லா படிப்பா'ன்னு சொல்லிட்டேன்" என்றார். நான் அழுதேன். "படிடி. ஆண்டவர் வசனம்தானே, கலெக்டர் பரிச்சையா?" என்றார். ஒரு வாரம் அடுப்படியில் நின்று படித்துப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. இத்தனை நாள் என்னைக் காப்பாற்றிய ஆண்டவருக்கு என் வாயால் ஒரு நாளாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று.

அந்த ஞாயிறு காலையில் ஊசி போட்டுக்கொண்டேன். சாப்பிட்டிருக்க வேண்டும். பயத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற திவ்விய அப்பம், வாங்குகிற நாளில் பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்திருந்தார்கள். திருச்சபை அந்தச் சட்டத்தை எப்போதோ ஒரு மணி நேரமாகக் குறைத்ததும், நோயாளிகளுக்கு அதுகூடக் கிடையாது என்பதும் எனக்குத் தெரியாது. கைப்பையில் மிட்டாய் இருந்தது. பீடத்துக்கு ஏறும்போதே கை நடுங்கியது. பயம்தான், பயம்தான் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு வரி படித்தேன். எழுத்தெல்லாம் எறும்புபோல ஊர ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முன் பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எழுந்து வந்து விசிறினார்கள். "புதுப் பொண்ணு இல்ல? முழுகாம இருக்கா போல" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர், "தோத்திரம் ஆண்டவரே" என்றார். அந்த அரை மயக்கத்திலும் எனக்கு அது கேட்டது. அப்போதுதான் பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து அக்கா ஓடி வந்தார். பேக்கரியில் கத்திப் பழகிய குரல். கோயில் முழுக்க மணி அடித்ததுபோல் கேட்டது.

"தள்ளுங்க! முழுகவும் இல்ல ஒண்ணும் இல்ல. அவளுக்கு சின்ன வயசுலேருந்து சுகரு, இறங்கிடுச்சு. இனிப்பு இருக்கா யார்கிட்டயாச்சும்?"

யாரும் அசைவதற்குள், ஒரு குழந்தை கையில் வைத்திருந்த மாம்பழ ஜூஸைப் பிடுங்கி என் வாயில் வைத்தார். குழந்தை வீறிட்டது. நான் குடித்தேன். அந்தக் குழந்தையின் அழுகைக்கு நடுவில்தான் என் இத்தனை வருட ரகசியம் சபைக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். நன்மை கொடுக்கும் நேரத்தில் நான் எழுந்திருக்கவில்லை. பங்குச் சாமியார் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என் பெஞ்சுக்கே இறங்கி வந்தார்.

"ஜூஸ் குடிச்சிட்டேன், சாமி" என்றேன்.

"அது மருந்தும்மா. ஆண்டவருக்குத் தெரியாதா? வாங்கிக்க" என்றார்.

அன்று வாங்கிய நன்மைபோல நான் என்றைக்கும் வாங்கியதில்லை. ஆனாலும் வெளியே வந்ததும் வெட்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பல வாரம் நான் கோயில் பக்கம் போகவில்லை. மாடிப்படியில் அக்கா இறங்குகிற சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். விடிகிற நேரத்துப் பூசைக்கு யாருக்கும் தெரியாமல் போகலாமா என்று யோசிப்பேன், அங்கேயும் நாலு பேர் இருப்பார்களே என்று விட்டுவிடுவேன். ஆண்டவரைப் பார்க்காமல் இருப்பது சோறு இல்லாமல் இருப்பதுபோல் இருந்தது. ஆனால் கால் எழவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா சாத்தின கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் இந்த டப்பா. அவர் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கேக்காம பேரு குடுத்தது என் தப்புடி" என்றார் கடைசியில். "கத்தினது தப்பில்ல. அத நான் மறுபடியும் பண்ணுவேன்."

"ஊருக்கே தெரிஞ்சு போச்சேக்கா."

"ஆமா, தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்கிற வேல மிச்சம். அந்த நேரத்துக்கு வேற வேல பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, எது பயம் எது சர்க்கரை என்று எனக்கே தெரியாது என்பதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா வாயைப் பிளந்தார். "அடிப்பாவி, அதுக்குத்தான் சக்கர பாக்குற மிஷின் இருக்கே! நடுங்கிச்சுன்னா விரல குத்திப் பாரு. மிஷினுக்கு வெக்கம் கிடையாது, உள்ளத சொல்லும். சக்கரைன்னு சொன்னா கல்கண்ட கடி. பயம்னு சொன்னா மாலையப் பிடி." சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து, உள்ளிருந்த மாலையை என் கையில் வைத்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கல்கண்டை டப்பாவில் கொட்டினார். அது அவருடைய சொந்த ஜெபமாலை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவோடு போனேன். கோயில் வாசலில், செருப்பு விடுகிற இடத்திலேயே நின்று, எல்லாரும் பார்க்க விரலைக் குத்தினேன். ஜூஸைப் பறிகொடுத்த குழந்தைக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அது என்னைப் பார்த்ததும் வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வழக்கம் வந்தது. கூட்டத்தில் நான் கொஞ்சம் வெளுத்தால் போதும், அக்கா எங்கே இருந்தாலும் புருவத்தைத் தூக்கிக் கேட்பார்: "கல்கண்டா, மாலையா?" நான் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, டப்பாவையோ மாலையையோ தூக்கிக் காட்டுவேன். பெரும்பாலும் மாலைதான். பயம் என்று பெயர் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடுகிறது. மீதிப் பாதியோடு குடித்தனம் நடத்தலாம், நான் நடத்தினேன்.

மறுபடி எங்கள் முறை வந்தபோது அக்கா என் பெயரைக் கொடுக்கவில்லை. நானே போய்க் கொடுத்தேன். அன்று காலையில் இட்லி சாப்பிட்டேன், மிஷினைப் பார்த்தேன், சர்க்கரை சரியாக இருந்தது. பீடத்தில் ஏறியபோது கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும் என்று படித்து முடித்தேன். வெளியே ஒரு பெரியவர், "சத்தம் பத்தலம்மா" என்றார். பூசை முடிந்து கும்பல் கலைந்த பிறகு ஒரு அம்மா என்னைத் தூணோரம் கூட்டிப்போய், "என் பொண்ணுக்கும் ஊசிதாம்மா. யாருக்கும் தெரியாது" என்று காதோடு சொன்னார். எங்கள் அம்மாவே வந்து நின்றதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணும் இப்போது வாசலில் நின்றுதான் விரலைக் குத்துகிறாள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அக்காவையும் மூத்தாரையும் அவர்களுடைய மகள் ஃபிரான்சுக்குக் கூட்டிப்போய்விட்டாள். மருமகன் அந்த ஊர்க் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளை. மாடி வெறுமையாக இருக்கிறது. இங்கே பூசை முடிந்து நான் சோறு வடிக்கிற நேரம், அங்கே காலை. ஞாயிறுதோறும் அக்கா போனில் கூப்பிடுவார். ஆரம்பத்தில் குளிர், கோட்டு, லிஃப்ட் என்று கதை கதையாகச் சொன்னார். பிறகு பேச்சு குறைந்தது. நான் துருவிக் கேட்டதும் ஒரு நாள் சொன்னார்.

"ரொட்டி வாங்கப் போனேன்டி. கடைய நாலு தபா சுத்தி வந்துட்டேன், உள்ள போகல. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பொம்பள நிக்கிறா, என்னை மாதிரியே. அவள பாத்ததும் நெஞ்சு அடிச்சுக்குது, கை நடுங்குது. நானாடி இது?"

மெதுவாகக் கேட்டேன்: "கல்கண்டா, மாலையா?"

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் பழைய சிரிப்பு வந்தது. "மாலைடி, மாலைதான்."

போன ஞாயிறு கடை வாசலிலிருந்தே கூப்பிட்டார். "வச்சுடாத. லைன்லயே இரு. போன ஸ்பீக்கர்ல வச்சு கோட்டுப் பையில போட்டுக்கறேன்." துணி உரசுகிற சத்தம் கேட்டது. கதவில் கட்டியிருந்த மணி கிணுங்கியது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா நிற்கிறார், வாய் வரவில்லை என்று புரிந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, 'வணக்கம் அம்மா' என்கிற இரண்டே வார்த்தை, சொல்லிக் கொடுக்க நான் யார்? மேசைமேல் இருந்த டப்பாவை எடுத்து போனுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன்.

"போன்ழூர் மதாம்" என்றார் அக்கா, அந்தக் கடை முழுக்கக் கேட்கும்படி.