குறைந்துகொண்டே போன பக்லவா

மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. பெல்ட்டில் ஓடும் அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தால் போதும், கை தானாக நீண்டு அதைத் தூக்கிவிடும். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே துருக்கி இனிப்புக் கடை திறந்தபோது, பக்லவாவின் மேல் தூவியிருந்த பச்சைத் தூளை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பிஸ்தாதானா, இல்ல வேர்க்கடலைக்குச் சாயம் பூசியிருக்கீங்களா?"

"வாயில போட்டுப் பாருங்கம்மா, அப்புறம் சண்டை போடுங்க" என்றார் கடைக்காரர்.

வாயில் போட்டாள். ஏடு ஏடாக நொறுங்கி, வெண்ணெயும் பாகுமாகக் கரைந்தது. சண்டை போட மறந்தே போனாள். பக்லவாவில் தொடங்கியது, சிவப்புப் பருப்பு சூப், ரோஜா மணக்கும் லோக்கம் மிட்டாய் என்று வளர்ந்து, நூலகத்தில் தமிழில் கிடைத்த துருக்கி நாவல்கள் வரை போய்விட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கேலி செய்யாத நாள் இல்லை. "போன ஜென்மத்துல சுல்தான் வீட்டுல பொறந்தியா நீ?"

அப்போது அவள் படித்துக்கொண்டிருந்தது ஒரு மர்மக் கதை. இஸ்தான்புல்லில் கடல் பார்த்த மாளிகை. எஜமானியின் முத்துமாலை காணவில்லை. வீட்டில் ஒருவரையும் நம்புவதற்கில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இவள் வீட்டு டப்பாவிலும் பக்லவா குறையத் தொடங்கியது. எலி என்றால் சிந்தியிருக்கும். எறும்பு என்றால் வரிசை தெரியும். இதுவோ மூடியை ஒழுங்காக மூடி வைத்துவிட்டுப் போகிற திருட்டு.

புத்தகத்தைத் திறந்தாள். அவள் இன்னும் போய்ச் சேராத ஒரு பக்கத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். முகர்ந்து பார்த்தாள். லிஃப்ட் கம்பிக்குப் போடும் கிரீஸ்.

செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாத மனிதர் நாவல் படிக்கிறாரா? அவருக்கு இனிப்பே பிடிக்காதே, அப்படியானால் அது யார் வாய்க்குப் போகிறது?

பெல்ட்டில் பக்கத்தில் நிற்கும் தோழியிடம் சொன்னாள். அவள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "இந்த வயசுல ஆம்பளைக்குத் திடீர்னு கதை கவிதைன்னு ஆசை வந்தா, வெளியில யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்டி."

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பினார். "ஒரு லிஃப்ட் பாதியில நிக்குதாம். பாத்துட்டு வந்துடறேன்."

கையில் துணிப்பை இருந்தது. கருவிப் பெட்டியோ செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். இரண்டு தெரு தள்ளி, சாயம் வெளுத்த ஒரு குடியிருப்புக்குள் அவர் நுழைந்தார். அந்த மாடிப்படியைப் பார்த்ததும் அவளுக்குச் சொரேலென்றது. நாத்தனார் வீடு. கணவரின் அக்கா. தன் தங்கத் தோடு ஒன்று காணாமல் போனபோது, "கடைசியா உள்ள வந்தது நீங்கதானே அண்ணி" என்று இவள் கேட்ட கேள்வியோடு நின்றுபோன பேச்சு.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே எழுத்துக்கூட்டிப் படிக்கும் குரல் கேட்டது.

"'முத்துமாலையை எடுத்தது யாரென்று எனக்குத் தெரியும்,' என்றாள் சமையல்காரி. 'அது வேறு யாருமல்ல...'"

பொறுக்கவில்லை. கதவைத் தள்ளினாள். "நிறுத்துங்க! நான் இன்னும் அந்த எடத்துக்கே வரல!"

கணவர் புத்தகத்தை நழுவவிட்டார். நாற்காலியில், அறுவை சிகிச்சை முடிந்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டபடி நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கடைவாயில் பச்சைத் தூள்.

"கண்ணு சரியாகற வரைக்கும் டிவி கூடப் பாக்கக் கூடாதாம்" என்று இழுத்தார் அவர். "உன்கிட்ட சொன்னா நீ என்ன சொல்லுவியோன்னு..."

நாத்தனார் இடைமறித்தாள். "அவனை விடு. தோடு கிடைச்சுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கிடைச்சுது அண்ணி. வாஷிங் மெஷின் ஃபில்டர்ல. அப்பவே."

"அப்பவேவா!"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து சொல்றதுன்னு தெரியல. தப்புதான்."

நாத்தனார் கடைவாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காலால் ஸ்டூலை நகர்த்தினாள். "உக்காரு. நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"டாக்டர் வந்து எல்லாரையும் விசாரிக்கிறாரே, அதுவரைக்கும்."

"அங்கேருந்தே திருப்பிப் படிடா" என்று தம்பிக்கு உத்தரவு போனது. "எனக்கு அந்தச் சமையல்காரி மேலதான் சந்தேகம். ரொம்ப நல்லவளா நடிக்கிறா."

"எனக்கு டாக்டர் மேல. கூப்பிடாமலே வர்றான்."

அந்தக் கதை முடிந்து, வேறு கதைகளும் முடிந்துவிட்டன. ஞாயிறுதோறும் இப்போது மூவரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். எப்போதோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்ட நாத்தனார், "எழுத்தெல்லாம் இன்னும் ஆடுதும்மா" என்கிறாள். ஆனால் கோழிக் கபாபில் பெரிய துண்டு எதுவென்று எட்ட இருந்தே அவளுக்குத் தெரிகிறது. எக்ஸ்ரே அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கணவரிடம் மட்டும் சொல்லவில்லை.