அவருடைய அனான்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் உள்ளறையிலிருந்து "அனான்!" என்று பதில் வரும். வெள்ளைக்காரர்களே பரணில் தூக்கிப் போட்ட சொல். சாந்தோமில் எங்கள் வீட்டில் மட்டும் தினமும் மத்தியானம் உயிரோடு இருந்தது.

ஒருநாள் ரசம் ஆறிப்போன கோபத்தில், அதற்கு என்னதான் அர்த்தம் என்று சண்டைக்குப் போனேன். பழைய ஆங்கிலத்தில் 'ஒன்றில்' என்று இரண்டு சொற்களாக இருந்ததாம். ஒரே மூச்சில், அந்தக் கணமே வருகிறேன் என்று பொருள். போகப்போக அது 'கொஞ்ச நேரத்தில்' என்று தேய்ந்துவிட்டதாம்.

"ஏன் தேஞ்சுது?"

"சொன்னவன் எவனும் உடனே வரலை. பாவம், வார்த்தை என்ன பண்ணும்?" என்று சிரித்தவர், ஆறின ரசத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் வாய் தவறி "வாங்க, போட்டாச்சு" என்று கூப்பிட்டுவிடுகிறேன். உள்ளறையிலிருந்து "அனான்" என்று கேட்கிறது. பக்கத்து வீட்டு டிவி இல்லை, அவர் குரலேதான். கொட்டிவாக்கத்தில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "காது டாக்டர்கிட்ட காட்டலாம்மா" என்றான். என் காதுக்கு என்ன கேடு?

போன மாதம் நான் கூப்பிடாமலே குரல் வந்தது. "நீ வர்றியா?"  பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. அன்றிலிருந்து பிரஷர் மாத்திரையைத் தொடவில்லை.

கல்லறைத் திருநாளன்று அவரைப் பார்க்கப் போனேன். எங்கள் குடும்பங்களில் வழக்கம்போல, கல்லில் அவர் பெயருக்குக் கீழே என் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். கல்லறையைக் கழுவிச் சாமந்தி பரப்பிக்கொண்டிருந்த ஆள் கேட்டார்.

"யம்மா, கீய காலியா கீது. பூவு போட்டு மூடிடவா?"

"வேணாம்ப்பா. அது என் இடம்."

குனிந்து மெழுகுவத்தி ஏற்றினேன். அந்தக் காலி இடத்தில், பளபளத்த கறுப்புக் கல்லில், என் முகம் தெரிந்தது. பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஆயுசு முழுக்க என்னைக் காக்கவைத்த மனிதர், என்னை மட்டும் உடனே வரச் சொல்வாரா?

"அனான்" என்றேன், அவர் பெயரைப் பார்த்து. "இந்தத் தடவை நீங்க காத்திருங்க."

வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சாதம் வடித்து, தட்டு வைத்து, வேண்டுமென்றே கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. ரசம் சூடாக இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன்.