அசையாத எண்

செகந்திராபாத் பக்கத்துச் சனத்நகரில் நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி செய்கிற சின்ன கம்பெனியில் ரோகிணிக்கு வேலை. 2006இல் அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு எண்தான். ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வைத்த கருவியில் 78 அப்படியே நின்றுவிட்டது. நோயாளிக்கு மூச்சுத் திணறியபோதும் அதே 78. நர்ஸ் கண்ணில் பட்டதால் ஆள் பிழைத்தார்.

கருவிக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதற்கும் சென்சார் கார்டுக்கும் நடுவில் பேசும் டிரைவர் என்ற நிரல் இவள் எழுதியது. புது அளவு வந்தால் கார்டு ஓர் இன்டரப்ட் அனுப்பும், வாசலில் மணி அடிக்கிற மாதிரி. டிரைவர் அளவை எடுத்துவிட்டு மணியை நிறுத்தும். எங்கே சிக்குகிறதென்று பார்க்க, டிரைவரின் முதல் வரியாக, 'இங்கே வந்தேன்' என்று எழுதிக்காட்டும் ஒரு பிரிண்ட் கட்டளை போட்டாள். உடனே கருவி சமர்த்தாகிவிட்டது. வரியை எடுத்தால் பழைய சண்டித்தனம்.

மேனேஜர் ஸ்ரீகாந்த் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார். "நக்கோ ரோகிணி, அந்த லைனைத் தொடாதே. ஓடுதில்ல? கைக்கூ, எதுக்கு டென்ஷன்?"

"ஏன் ஓடுதுன்னு தெரியலையே சார். தெரியாம ஆஸ்பத்திரிக்கு எப்படிக் குடுக்கது?" ரோகிணி திருநெல்வேலிக்காரி.

கடைசியில் பிடிபட்டது. அளவுகள் சில சமயம் அடுத்தடுத்து இரண்டாக வரும். பிரிண்ட் செய்யும் தாமதத்தில் இரண்டும் வந்துவிடும், சேர்த்தே எடுத்துவிடலாம். பிரிண்ட் இல்லாவிட்டால் ஒன்றை எடுத்து மணியை நிறுத்தும்போது, அப்போதுதான் வந்த இரண்டாவதின் மணியும் சேர்ந்து அடங்கிவிடும். அதை எடுக்கும்வரை கார்டு மறுபடி மணி அடிக்காமல் காத்துக்கொண்டே கிடக்கும், திரையில் எண் நின்றுவிடும். முதலில் மணியை நிறுத்து, பிறகு எடு என்று இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். பிரிண்ட் இல்லாமலே எண் நாள் முழுக்க ஓடியது.

அப்பாடா என்று சாய்ந்தவள் அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வருஷம் இதே டிரைவரைப் பெருமையாகத் தன் பெயர் போட்டு இணையத்தில் விட்டிருந்தாள். யாரும் எடுக்கலாம், கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம், அதுதான் அங்கே வழக்கம். எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் அது ஓடுகிறதோ, யாருக்குத் தெரியும்? அதை எடுத்தவர்கள் படிக்கும் பொது மின்னஞ்சல் குழுவில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள்: தவறு என்னுடையது, உடனே மாற்றுங்கள்.

மறுநாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பதில் வந்தது. "பச்சிளங்குழந்தைகள் வார்டில் உங்கள் டிரைவர்தான். மாற்றிவிட்டோம், நன்றி. போன வாரம் ஒரு குழந்தையின் நாடி எண் வெகுநேரம் மாறாமல் ஒரே சீராக இருந்தது. தேறிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்."

கடிதம் அங்கேயே முடிந்திருந்தது.

குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று ரோகிணி தட்டச்சு செய்தாள். அனுப்பத்தான் கை வரவில்லை.