பூஜையில் இருந்த ஸ்பேனர்

என் வீட்டுக்காரருக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிர் உண்டு. அதோடு ஒரு பழைய வேனை வைத்து வாடகைக்கும் ஓட்டுகிறார். வண்டிக்கு என்ன வந்தாலும் போனில் வீடியோ பார்த்துத் தானே பிரிப்பார், தானே மாட்டுவார். மாட்டி முடித்த பிறகு தரையில் ஒரு வாஷரோ ஸ்குரூவோ மிச்சம் கிடக்கும். "இது எதுக்குங்க?" என்று கேட்டால், "அது எக்ஸ்ட்ரா" என்பார். வண்டி விற்கிறவன் இவ்வளவு தாராளமா என்று நினைத்துக்கொண்டு நானும் அதை டப்பாவில் போட்டு வைப்பேன்.

ஒரு வருடம் ஆயுத பூஜையன்று காலையில் வேனைக் கழுவியவர் சும்மா இருந்திருக்கலாம். முன்பக்கம் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று இடதுபக்கம் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றினார். பார்த்தார், நன்றாக இருந்தது. சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டார். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் ஸ்பேனரால் இறுக்கவேண்டும். அது அவருக்கும் தெரியும்.

நான்தான் குறுக்கே குரல் கொடுத்தேன். "ஏங்க, பூசணிக்கா வாங்கப் போகலையா? கடையில தீந்துடும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். நான் அரிவாள், மண்வெட்டி, என் தையல் கத்தரி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தேன். வேனுக்குப் பக்கத்தில் கிடந்த வீல் ஸ்பேனரையும் எடுத்துக் கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை யாரும் தொடக்கூடாது. என் கத்தரியையே நான் தொடமாட்டேன்.

பூசணிக்காயோடு வந்தவர் ஜாக்கியை இறக்கினார். "ஸ்பேனர் எங்க?"

"சாமிகிட்ட வெச்சுட்டேங்க."

"சரி உடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

சாயங்காலம் வண்டிக்குச் சந்தனம் வைக்கும்போது பார்த்தால், நான் ஜாஸ்தியாகக் கரைத்திருந்தேன். கொட்ட மனம் வரவில்லை. சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைக்கிற இடத்தில், ஒவ்வொரு நட்டுக்கும் தடிமனாக அப்பினேன். அவர் சிரித்தார். "நட்டுக்கெல்லாம் பொட்டு வெக்கிறியே, இன்னா கல்யாணமா அதுக்கு?" எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை நாலடி நகர்த்தினார். பூசணிக்காய் உடைத்தோம், பொரி தின்றோம். சந்தனம் இரவெல்லாம் நன்றாகக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. எங்கள் மகளைத் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் பையனுக்கும் அதே வயது, அதே பள்ளிக்கூடம். ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்ற பரபரப்பில், திரும்பி வந்து கற்பூரம் காட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் எங்கள் வேனில் கிளம்பிவிட்டோம். ஸ்பேனர் சாமியோடு இருந்தது. நட்டு ஞாபகம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

வழியில் ஸ்டியரிங் நடுங்கியது. "ரோடு சரியில்ல" என்றார்.

"இப்பதானே புதுசா போட்டாங்க தம்பி" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா.

மலை நன்றாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு பழக்கடை. தட்டில் வைக்க வாழைப்பழம் வாங்க இறங்கினேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் கவனித்தேன். பின்சக்கரத்தில் சந்தனம் நேற்று வைத்தபடியே மஞ்சளாக இருந்தது. முன்சக்கரத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளில் பொட்டு உதிர்ந்துவிட்டதே என்றுதான் மனசு சங்கடப்பட்டது.

"ஏங்க, இந்த வீல்ல மட்டும் பொட்டு உதிர்ந்துபோச்சு" என்றேன்.

வேறு நாளாக இருந்தால், "உனக்கு வேற வேலையே இல்ல, ஏறு" என்று ஹாரன் அடித்திருப்பார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, இறங்கி வந்தார். குனிந்து ஒரு நட்டைத் தொட்டார். அது இரண்டு விரலுக்கே சுற்றியது. இன்னொரு நட்டு இருந்த இடத்தில் வெறும் போல்ட் மரைதான் இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பசங்கள இறக்கு" என்றார்.

இறக்கினோம். இறுக்குவதற்கு ஸ்பேனர் இல்லை. அன்றைக்குப் பட்டறை ஒன்றும் திறந்திருக்கவில்லை. பழக்கடைக்கு அடுத்த வீட்டு வாசலில் வாழைக்கன்று கட்டிய வேன் ஒன்று நின்றது. அந்த வீட்டம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"பூஜையில கீதும்மா. நாங்க இன்னும் கற்பூரம் காட்டல" என்று தயங்கினார். பிறகு ரோட்டோரத்தில் புதுச்சட்டையோடு நின்ற இரண்டு குழந்தைகளையும் எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். மணிச்சத்தம் கேட்டது. கற்பூர வாசனையோடு ஸ்பேனரும் வந்தது. "எடுத்துனு போ. சாமி ஒண்ணும் சொல்லாது." குழந்தைகளை நிழலில் உட்கார வைத்து, மடி நிறையப் பொரி கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் பின்சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றி முன்னால் போட்டார். நான்கு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து, ஸ்பேனர்மேல் ஏறி நின்று இறுக்கினார். "நீதானே எடுத்து வெச்சே" என்று என்னைச் சொல்லியிருக்கலாம். "நீங்கதானே நாளைக்குன்னீங்க" என்று நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய அதிசயம்.

அளவு தெரியாமல் கரைத்த சந்தனத்துக்கு நன்றி. சாமியிடம் அவசரப்பட்டுக் கேட்டு வாங்கி வந்த அந்த அம்மாவுக்கு நன்றி. எல்லாவற்றையும்விட, என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன் அன்றைக்கு ஒரு தடவை கேட்டு இறங்கினாரே, அதற்கு நான் என்ன செய்தாலும் தகும். இப்போதும் எல்லாச் சாமானையும் பூஜைக்கு வைக்கிறோம். வீல் ஸ்பேனருக்கு மட்டும் வண்டிக்குள்ளேயே பொட்டு வைத்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் ஆரம்பித்திருந்தது. அப்படியும் நேராக உள்ளே போனோம். தட்டில் பச்சரிசியைப் பரப்பி வைத்து, அப்பா குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கவேண்டும் என்றார்கள். அவர் மகளை மடியில் வைத்து, அவள் விரலைப் பிடித்தார். 'அ' கோணலாக வந்தது. வெள்ளை அரிசியில் கிரீஸ் கறை படிந்தது.

"கை கழுவிட்டு வந்திருக்கலாமே சார்" என்றார் டீச்சர்.

அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் மகளின் விரல்மேல் வைத்தேன்.

"பரவால்ல மிஸ். இந்தக் கையாலயே எழுதட்டும்" என்றேன்.