நரியின் முதுகில் மஞ்சள்

கல்லூரி விடுமுறைக்கு ஆரணிக்கு வந்தபோது என் பையில் அறுபத்து மூன்று அட்டைகள் இருந்தன. போட்டிக்கு அறுபதுதான் செல்லும். எந்த மூன்றைக் கழிப்பது என்று பஸ்ஸிலேயே நாலு முறை அடுக்கிக் கலைத்திருந்தேன்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு விலங்கோ வீரனோ மந்திரமோ இருக்கும், அது என்ன செய்யும் என்பது ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எதிராளியின் இருபது உயிரைக் கரைத்தால் ஜெயம். ஒரே அட்டையை நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. பாதி ஆட்டம் கட்டு சேர்ப்பதிலேயே முடிந்துவிடும். சேர்த்த கட்டு நிற்குமா என்று பார்க்க, எதிரில் உட்கார ஒரு ஆள் வேண்டும். ஊரில் இதை ஆடத் தெரிந்தவர் எவரையும் எனக்குத் தெரியாது. வீட்டில் அம்மா இருந்தாள்.

"சீட்டாட்டமா? உங்கப்பா பார்த்தாருன்னா ரெண்டு பேரையும் தெருவுல நிறுத்துவாரு."

"சீட்டு இல்லம்மா. இது மூளைக்கு வேலை."

"இருக்கிற வேலையே முடியல. இதுல மூளைக்கு வேற தனியா வேலை குடுக்கணுமாடி?"

ஆனாலும் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இருந்தது ஒரே கட்டுதான், இருவரும் அதிலிருந்தே எடுத்து ஆடினோம். தறிகளுக்குப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் தாராகச் சுற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. காலையில் இராட்டையை ஓரம் தள்ளியதும் என் எதிரில் சம்மணம் போட்டுவிடுவாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு அட்டையும் என்ன செய்யும் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. படத்தை வைத்தே எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் என்னை ஜெயித்தாள்.

"இன்னாடி, காலேஜ்ல இதான் சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றுபோனது.

என் அட்டைக் கட்டில் சாம்பல் நரி என்று ஒன்று இருந்தது. செத்தால் மறுபடி கைக்கே வரும். அம்மாவுக்கு அதன்மேல் உயிர். நான் மூன்று நரி போதும் என்றேன். நான்காவதை எடுத்துவிட்டு ஒரு மந்திரம் வைக்கலாம் என்பது என் கணக்கு.

"நாலு போடு. மூணு போட்டா வேணுங்கறப்ப வராது. நான் பார்த்துகினுதான இருக்கேன்? நரி வராதப்பெல்லாம் நீ தோக்குற."

பத்து ஆட்டம் மூன்று நரியோடும், பத்து ஆட்டம் நான்கோடும் ஆடிப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. கட்டு அறுபதில் நின்றது. சென்னைப் போட்டியில் முதல் எட்டுக்குள் வந்தால் பெங்களூரில் பெரிய போட்டி. இரண்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். பெண்பிள்ளை தனியாகப் போய் அட்டை ஆடுவதா என்று அப்பா முறைத்தார். "நான்தான் போகச் சொன்னேன்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

போட்டிக்கென்று, முன்பக்கம் படம் தெரிகிற புது வெள்ளை உறைகள் வாங்கியிருந்தேன். அட்டைகளை உறையில் போட்டுத்தான் ஆட வேண்டும். கவிழ்த்து வைத்தால் எது எந்த அட்டை என்று தெரியாதபடி எல்லா உறையின் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது விதி. முந்தின நாள் நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாதான் அட்டைகளை உறையில் போட்டுக் கொடுத்தாள். இந்த விதியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டில் ஆடியபோது அதற்குத் தேவையே வரவில்லை.

சென்னையில் முதல் மூன்று சுற்றும் ஜெயித்தேன். நான்காவது சுற்று தொடங்கும் முன் நடுவர் என் கட்டைச் சோதனைக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்து நான்கு அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். நான்கின் வெள்ளை முதுகிலும், ஓரத்தில், கடுகளவு மஞ்சள். ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான்கும் நரி.

எங்கள் வீட்டில் புதுத்துணியை அப்படியே உடுத்த மாட்டோம். ஓரத்தில் பொட்டாக மஞ்சள் வைத்த பிறகுதான். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாலும் அதே கார்டு. செம பிளான்" என்றான் எதிரில் உட்கார்ந்திருந்தவன், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி. யாரோ சிரித்தார்கள்.

நடுவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களத் தவிர இத வேற யாராவது தொட்டாங்களா? தெரியாமப் பட்டதுன்னா இந்த ஒரு ஆட்டம்தான் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

எங்க அம்மா மஞ்சள் வெச்சாங்க. நான்கே சொற்கள். அந்தக் கூடத்தில், அந்தச் சிரிப்புக்கு நடுவில், அவை என் வாயில் வரவில்லை.

"யாரும் தொடல" என்றேன்.

"அப்ப நீங்கதான் வெச்சிருக்கணும்." அவர் என் பெயரை அடித்தார். போட்டியிலிருந்தே வெளியே.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா இராட்டையை விட்டு எழுந்து வந்தாள். "நரி வந்துச்சாடி?"

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. கட்டை அவள் முன்னால் வீசினேன். "உன்ன யாரு தொடச் சொன்னது? என்னத் திருடின்னு வெளிய அனுப்பிட்டாங்க. உன்னால." இன்னும் என்னென்னவோ கத்தினேன். படிக்காதவள் என்ற சொல்லும் அதில் இருந்தது.

அம்மா குனிந்து அட்டைகளைப் பொறுக்கினாள். "படத்து மேல படக் கூடாதுன்னுதான் பின்னாடி வெச்சேன்" என்றாள். கடைசி அட்டையையும் எடுத்து அடுக்கியபடி, "நமக்கு ஜெயிச்சுக் குடுக்கிறது அதுங்கதானேன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அன்றோடு அவள் ஆடுவதை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன், போடி" என்றாள். ஆனால் வீடு பெருக்கும்போது வழியில் என் அட்டைகள் கிடந்தால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து வைக்கிறாள்.

இந்த விடுமுறைக்கு வந்ததும் புது உறைகள் போட்டு, அறுபதுக்கும் நானே மஞ்சள் வைத்தேன். எல்லாம் ஒரே ஓரத்தில், ஒரே அளவில். அவளைக் கூப்பிட்டேன்.

"எல்லாத்துக்குமா வெச்ச?"

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தா எது எதுன்னு தெரியாதும்மா. நம்ம வீட்டுல ஆடலாம். வா."

குனிந்து பார்த்தாள். ஒரு அட்டையின் பொட்டு கொஞ்சம் தள்ளியிருந்தது. விரல் அதை நோக்கிப் போய், தொடாமல் திரும்பியது.

"நல்லாதான் வெச்சிருக்க. நீ ஆடு. எனக்குத் தார் கெடக்குது."

யாரும் தொடவில்லை என்று அன்று நான் சொன்னதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தன்னால்தான் என் போட்டி போனது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்போதும் சொல்ல வாயெடுத்தேன். இராட்டை சுற்றத் தொடங்கிவிட்டது.

இரண்டு பக்கத்துக்கும் ஏழேழு அட்டைகள் போட்டேன். என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். நரி இல்லை. எதிர்ப்பக்கத்து ஏழும் மஞ்சள் பொட்டோடு கவிழ்ந்தே கிடந்தன.