அத்தான் சொல்லாமல் விட்ட காரணம்

கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, அத்தான் என் இடது கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். பயிற்சியில் எல்லோரோடும் சேர்ந்துதான் ஓடியிருந்தேன், வலியை முகத்தில் காட்டவில்லை. ஆனால் மேட்டிலிருந்து நான் இறங்கி வந்த விதத்தை அவர் பார்த்துவிட்டார். "உக்காரு மாப்ள" என்றார். விரல் பட்டதும் உயிர் போய் வந்தது. "நாளைக்கு நீ ஆடல."

எழுபதுகளில் மூணாறு மலையில், ஒரு தேயிலை ஃபாக்டரியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். என் அக்காவின் கணவரான அத்தான்தான் எஸ்டேட் அணிக்குக் கோச். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். வலது முழங்கால் மடங்காமல் போனபிறகு இலை வாட்டும் மாடிக்கு வேலைக்கு வந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாலும், பந்து உதைபடும் சத்தத்தை வைத்தே அடித்தது யார், எந்தக் காலால் என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு அது மந்திரம் போல இருக்கும்.

அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆள் எடுக்கும் அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அணியில் இடம், கையோடு வேலை. "ஒரே ஒரு ஆட்டம் அத்தான், கட்டுப் போட்டுக்கிட்டு ஆடிருதேன்" என்று கெஞ்சினேன்.

"நானும் இப்படித்தாம்ல சொன்னேன். கட்டுப் போட்டுத்தான் ஆடுனேன், கோலும் போட்டேன். அதுக்கப்புறம் நான் ஆடி நீ பாத்திருக்கியா?" என்றார். பிறகு, "கால் போன ஆளுன்னு பேர் விழுந்துட்டா உன்னை எவனும் எடுக்கமாட்டான். வீக்கத்தைப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார்.

மறுநாள் நான் ஆடவில்லை, ஒரு கோலில் தோற்றோம். "சொந்த மச்சினன் மேல வந்துருவான்னு பொறாமைய்யா இவனுக்கு!" என்று கூட்டம் கத்தியது. அதிகாரி எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டார். "என்னோட முடிவு சார். அடுத்த வருசம் வாங்க, ஆடுவான்" என்றார் அத்தான். வீங்கிய காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு பக்கத்திலேயே நான் நொண்டாமல் நின்றேன். அன்றிலிருந்து அக்கா அவருக்குச் சோறு வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. தம்பியின் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று அவளும் நம்பினாள். நானும் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுவருடம் அந்த அதிகாரி மறுபடி வந்தார். நான் இரண்டு கோல் போட்டேன், வேலை கிடைத்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் பல வருடம் ஆடி ஓய்வும் பெற்றேன். இன்றும் பாலக்காட்டு வீட்டில் மாடிப்படி ஏறும்போது அது வலிப்பதில்லை.

அந்த வேலையில் சேர மலையை விட்டுக் கிளம்பிய காலையில், பஸ் அருகே வைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இதை மனசுல வச்சுக்கிட்டா என் கையால சாப்பிட்டீக?"

"பஸ்ஸு கெளம்புது, அவனை ஏறச் சொல்லு."

ஜன்னல் வழியே பார்த்தேன். எஸ்டேட்டே கூடி நிற்க, அக்கா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன் அவர்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.